மணிக்குப் பத்து நிமிடம்

கனுமாவில் நவம்பர் பிறந்தால்
நாலரைக்கே பொழுது அடைந்துவிடும்.
ஸ்ட்ராபெர்ரிச் செடிக்கு அது ஒரு சேதி:
சுருண்டுகொள், இலையைக் குட்டையாக்கு,
பனி போகும்வரை உயிரை வேரில் வை.

அந்தச் சேதியைப் போய்ச் சேர
நாங்கள் விடுவதில்லை.
இரவெல்லாம் மணிக்குப் பத்து நிமிடம்
விளக்கு எரியும், அணையும்.
துண்டு துண்டான வெளிச்சத்தைக் கூட்டி
நீளமான ஒரு பகல் என்று
செடி எழுதிக்கொள்ளும்.
கணக்கில் அது கொஞ்சம் மட்டம் என்பேன்.
யொஷிகதா சிரிக்க மாட்டார்.

பாலித்தீன் கூடாரம்
படுக்கையறைச் சன்னலுக்கு நேர் எதிரே.
ஆறு முறை விழிக்கிறேன், ஆறு முறை உறங்குகிறேன்,
கல்யாணமாகி இருபத்தாறு குளிர்காலமாய்.
எனக்கு மட்டும் பூ வருவதில்லை.

போன வருடம் மின்கட்டணம் ஏறியதும்
குண்டு பல்புகளை எல்லாம் கழற்றினார்.
நூற்றிருபது எல்.இ.டி., வெள்ளை வெளேரென்று.
முதல் இரவு கூடாரமே கல்யாண வீடு.
சாலையில் போன லாரி ஒன்று வேகம் குறைத்தது.
பில் பாதியானது. சாக்கே பாட்டில் திறந்தார்.

செடிகள் மட்டும்
அதை விளக்கென்று எண்ணவே இல்லை.

டிசம்பர் கடைசியில் யூயுன்தான் கவனித்தாள்.
ஜாவாவிலிருந்து பயிற்சிக்கு வந்தவள்,
சிவிடெய் மலைக்காரி,
அடிக்கோலோடு குனிந்தே நடப்பவள்.
"காம்பு எட்டு சென்டிமீட்டர், முத்சுயே-சான்.
போன வருட நோட்டில் பதினாலு."

குளிர் என்றார். ஹீட்டரைக் கூட்டினார்.
உரம் என்றார். அதையும் கூட்டினார்.
இலைகள் மண்ணை ஒட்டிக் கிடந்தன,
போர்வையை இழுத்து மூடிக்கொண்ட பிள்ளைகளாய்.
பழம் சுண்டைக்காய் அளவு.

ஒரு மத்தியானம் யாரையும் கேட்காமல்
கொட்டகையில் பழைய பல்பு ஒன்றைத் தேடி
மூன்றாம் வரிசைக் கடைசியில் மாட்டினேன்.
அழுக்கு மஞ்சள். தொட்டால் சுடும்.
தின்ற மின்சாரத்தை வெறும் சூடாய்க் கக்கும்.
மூன்று வாரம்.
அதன் கீழே ஒரு பாய் அகலத்துக்கு
இலைகள் எழுந்து நின்றன,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

விவசாய நிலையத்துப் பெண் வந்து சொன்னாள்:
சிவப்புக்கு அப்பால் இன்னொரு சிவப்பு உண்டு,
நம் கண்ணுக்கு எட்டாது,
செடி அதற்குத்தான் காது கொடுக்கும்.
புது விளக்கில் அது இல்லை.

நமக்குத் தெரிகிற வெளிச்சத்தைக்
காசு கொடுத்து வாங்கி வந்து
அவற்றை இருட்டில் உட்காரவைத்திருக்கிறோம்.

யொஷிகதா மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு
பழைய மின்சாமான் கடைகளாக ஏறி இறங்கினார்.
நாற்பத்தொரு குண்டு பல்பு கிடைத்தது.
மீதிக்குச் செடிகளுக்கென்றே செய்த சிவந்த விளக்கு.
அதன் விலையைக் கேட்டுவிட்டு
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை,
நான்தான் விலை வைத்தவள் போல.

யூயுன் ஊரில் வருடம் முழுக்கப்
பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே நீளமாம்.
அங்கே செடியிடம் யாரும்
பொய் சொல்ல வேண்டியதில்லை.
"அப்படியானால் அது எப்போது ஓய்வெடுக்கும்?"
யோசித்தாள்.
"நாங்கள் பிடுங்கும்போது."

நேற்று இரண்டாம் விழிப்பில் பார்த்தேன்.
கவிழ்த்த கூடையின் மேல் அவள்,
விளக்கடியில் போனை முகத்துக்கு நேரே பிடித்து
யாருக்கோ ஒரு பழத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.
அங்கே மணி இரண்டு குறைவு,
இன்னும் தூங்கப் போயிருக்க மாட்டார்கள்.

அணைந்தது.
போன் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் அவள் முகம்,
பிறகு அதுவும் இல்லை,
பேச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்தப் பாஷை தெரியாது.
ஐம்பது நிமிடம் படுத்துக் கிடந்தேன்
அடுத்த பகலுக்காக.